பால்வாடி பிறந்த கதை

திருநெல்வேலிச் சீமையின் கிராமமானாலும் சரி, மும்பை தாராவியின் தொண்ணூறடி ரோடானாலும் சரி, தமிழ்த் தாய்மார் வாயில் அதற்குப் பெயர் ஒன்றுதான். "பிள்ளைய பால்வாடியில விட்டுட்டு வந்திருக்கேன்." அரசாங்கப் பலகையில் அங்கன்வாடி என்று எழுதியிருக்கும். பேச்சில் அது பால்வாடிதான். அந்தச் சொல்லுக்குள் பால் இருப்பதாகவே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பால்மணம் மாறாத குழந்தைகள் போகிற இடம். முன்பெல்லாம் அங்கே பால்பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. பால் தருகிற இடம், அதனால் பால்வாடி. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பால் வேறு. பாலகன், பாலகி என்று நாம் சொல்கிறோமே, அந்தப் 'பால்' அது. மராத்தியிலும் குஜராத்தியிலும் அதற்குக் குழந்தை என்று பொருள். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால் குழந்தையும் பாலும் ஒன்றாகிவிட்டன. 'வாடி' என்றால் தோட்டம். மும்பையிலிருந்து வடக்கே கடலோரமாக டஹாணு, கோல்வட், போர்டி என்று போனால் வழிநெடுகச் சப்போட்டாத் தோப்புகள். அந்த ஊர்க்காரர்கள் அவற்றைச் 'சிக்கு வாடி' என்கிறார்கள். அதே வாய்வழக்கில் பால்வாடி என்றால் குழந்தைகள் வளரும் தோட்டம். ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1840-இல் தம் பள்ளிக்கு வைத்த 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயருக்கும் இதே பொருள்தான். மராத்தியில் 'வாடி' என்றால் சிறு குடியிருப்பு என்றும் பொருள் உண்டு. தோட்டமும் ஊரும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பால்வாடியின் கதை முழுவதும் அந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

மீசை வைத்த அம்மா

கதை குஜராத்தின் பாவ்நகரில் தொடங்குகிறது. கிஜுபாய் பதேகா வக்கீல். தம் மகன் பிறந்த பிறகு, இவனை எப்படி வளர்ப்பது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மரியா மாண்டிசோரியின் எழுத்துகள் கைக்குக் கிடைத்தன. வக்கீல் தொழிலை விட்டுவிட்டுத் தட்சிணாமூர்த்தி என்ற கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக ஒரு பாலமந்திர் திறந்தார். பிரம்பும் மனப்பாடமும் பள்ளியின் அடையாளமாக இருந்த காலம் அது. அங்கே கதை சொன்னார், நாடகம் போட்டார், குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். குஜராத் மக்கள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் 'மீசை வைத்த அம்மா'.

1923-இல் அவருடன் வந்து சேர்ந்தவர் தாராபாய் மோடக். 1892-இல் பிறந்தவர், பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டதாரி. ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பெரிய பதவி அது. அதை விட்டுவிட்டு மூன்று வயதுக் குழந்தைகளோடு தரையில் உட்கார வந்தார். 1926-இல் இருவருமாகச் சேர்ந்து 'நூதன பால சிக்ஷண சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். புதிய குழந்தைக் கல்விக்கான சங்கம் என்பது பெயரின் பொருள்.

மாண்டிசோரி முறை என்றதும் இன்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பளபளப்பான பலகை வைத்து, பெரிய கட்டணம் வாங்கும் பள்ளிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த முறை பிறந்தது பணக்கார வீட்டில் அல்ல. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரத்தின் சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரே அறையில் அது தொடங்கியது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டிலும் சந்திலும் அலைந்தார்கள், சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். அவர்களைக் கவனிக்கத்தான் கட்டட நிர்வாகம் மாண்டிசோரியைக் கூப்பிட்டது. ஏழைக் குழந்தைக்காகப் பிறந்த ஒன்று, விலையுயர்ந்த மரச்சாமான்களோடு மெல்ல மெல்ல வசதியானவர்களின் சொத்தானது. 1939-இல் மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டதால் வருடக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் இருந்து, ஏராளமான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆனாலும் அந்தக் கல்வி குடிசைக்குள் நுழையவில்லை.

இந்த இடைவெளியைத் தாராபாய் கண்ணால் பார்த்தவர். 1936-இல் அவர் பம்பாய்க்குத் திரும்பி, மாட்டுங்காவுக்கு அடுத்த தாதரில் 'சிசுவிஹார்' தொடங்கினார். நல்ல பள்ளி. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் படித்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். மில் தொழிலாளியின் பிள்ளையும் தோல் பதனிடுபவரின் பிள்ளையும் வரவில்லை. அந்தப் பள்ளியிலிருந்து சில மைல் தொலைவில், மாஹிம் கழிமுகத்தின் சேற்றோரத்தில், தாராவி விரிந்துகொண்டிருந்தது. தோல் பதனிடும் தொழிலைத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அங்கே குடியேறி ஒரு தலைமுறை கடந்திருந்தது.

முற்றத்துக்குப் போன பள்ளி

1945-இல் தாராபாய் ஒரு முடிவெடுத்தார். நகரத்தை விட்டு, அன்றைய தானே மாவட்டத்துக் கடலோரக் கிராமமான போர்டிக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 53. அங்கே கிராமக் குழந்தைகளுக்கான கல்வி மையத்தைத் திறந்தார். கூடவே வந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் கல்யாணம், ஆறே மாதத்தில் விதவை. அந்த வாழ்க்கையிலிருந்து எழுந்து படித்து ஆசிரியையானவர். தாராபாயைச் சந்தித்தபின் அவர் வேறு வழி போகவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பகுதியின் குழந்தைகளே அவருடைய வாழ்க்கை.

போர்டியில் பால்வாடி திறந்தாயிற்று. ஊரின் வசதியான பிள்ளைகள் வந்தார்கள். ஊருக்கு வெளியே குடியிருந்த தலித் பிள்ளைகளும் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் காரணத்துக்குப் பஞ்சமில்லை. தாய் கூலிக்குப் போய்விடுகிறாள். மூத்தது இளையதைச் சுமக்கிறது. போட்டுக்கொள்ளத் துணி இல்லை. ஊருக்குள் நுழையக் கால் கூசுகிறது. பள்ளியில் பேசும் மராத்தி வேறு, வீட்டில் பேசும் பேச்சு வேறு.

எந்தப் பள்ளியும் இந்த இடத்தில் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "நாங்கள் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறோம், அவர்கள்தான் அனுப்புவதில்லை." தாராபாய் அதைச் சொல்லவில்லை. குழந்தை பள்ளிக்கு வரவில்லையென்றால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்றார். அவரும் அனுதாயும் அந்தக் குடியிருப்புகளுக்கே நடந்து போனார்கள். ஒரு வீட்டு முற்றத்தைப் பெருக்கினார்கள். ஓடிப் பதுங்கிய பிள்ளைகளைப் பாட்டுப் பாடி அழைத்தார்கள். முகம் கழுவி, நகம் வெட்டி, தலை சீவிவிட்டார்கள். அதுதான் முதல் பாடம். எண்ணுவதற்குக் கிளிஞ்சலும் கூழாங்கல்லும் கடற்கரையில் கிடைத்தன. நிறம் சொல்லிக்கொடுக்க இலையும் பூவும் இருந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்த சாமான் பெட்டி அங்கே தேவைப்படவில்லை.

முற்றத்துக்கு மராத்தியில் 'அங்கண்'. முற்றத்தில் நடந்த பால்வாடி 'அங்கண்வாடி' ஆயிற்று. மாடு மேய்க்கப் போகிற பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்துக்கே போய் நடத்தியது 'குரண் சாளா', புல்வெளிப் பள்ளி. 1957-இல் இவர்கள் அருகிலிருந்த கோஸ்பாட் குன்றுக்கு இடம் பெயர்ந்தார்கள். அங்கே கைக்குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்து 'விகாஸ்வாடி' என்றார்கள். இளைய குழந்தைக்குக் காப்பகம் இருந்தால்தானே அதைச் சுமக்கும் அக்காள் பள்ளிக்கு வர முடியும்? ஒரு வீட்டின் மூன்று குழந்தைகளையும் ஒருசேரப் பார்த்த கண் அது. தாராபாய்க்கு 1962-இல் பத்மபூஷண், அனுதாய்க்கு 1984-இல் பத்மஸ்ரீ வந்தன.

தில்லி வழியாகத் தாராவிக்கு

விடுதலைக்குப் பிறகு 1953-இல் மத்திய சமூகநல வாரியம் உருவானது. அதன் முதல் தலைவர் துர்காபாய் தேஷ்முக், சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவியவர். வாரியத்தின் உதவியோடு ஊர்தோறும் மாதர் சங்கங்கள் பால்வாடிகளைத் தொடங்கின. 1961-இல் குழந்தைநல அமைப்புகள் பாலசேவிகைப் பயிற்சியை ஆரம்பித்தன. அந்த அலையில்தான் மராத்திச் சொல் தமிழ்நாட்டுக் கிராமத்துக்குள்ளும் நுழைந்து, பால்வாடி என்று நம் வாயில் குடியேறியது.

1974-இல் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை வந்தது. மறுவருடம், 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. நாடு முழுவதற்குமாக 33 இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கிராமப்புறம் 18, பழங்குடிப் பகுதி 11, நகரம் 4. அந்த முதல் தொகுப்பிலேயே பம்பாயின் தாராவியும் இருந்தது. திட்டத்தின் மையங்களுக்கு அரசு தேர்ந்தெடுத்த பெயர், போர்டியின் முற்றத்தில் பிறந்த அதே பெயர்: அங்கன்வாடி. தாதர் சிசுவிஹாரிலிருந்து சில மைல் தூரத்துத் தாராவிக்கு, பள்ளி போர்டியையும் தில்லியையும் சுற்றிக்கொண்டு, 39 ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது.

இன்று நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேல். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் சேர்த்துக்கொண்டதால் அங்கே பால்வாடியின் வேர் இன்னும் ஆழமாகப் போனது.

பத்துக்குப் பத்து அறைக்குள்

தாராவியில் முற்றம் இல்லை. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள். அங்கே முற்றப்பள்ளி எப்படி நடக்கிறது? பத்துக்குப் பத்து அடி வாடகை அறையில் நடக்கிறது. கோயில் மண்டபத்தின் ஓரத்தில், சொசைட்டி ஆபீஸில், சங்கத்தின் கூடத்தில் நடக்கிறது.

உள்ளே போனால் சுவரில் எழுத்துப் படங்கள், மூலையில் எடை பார்க்கும் தராசு, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ரிஜிஸ்டர்கள். நடத்துகிறவர் சேவிகா. துணைக்கு இருப்பவர் மதத்னீஸ், அதாவது உதவியாளர். சேவிகா மராத்திக் குழந்தைகளுக்குப் 'பாயி', தமிழ்ப் பிள்ளைகளுக்கு 'டீச்சர்'. மதத்னீஸ்தான் காலையில் சந்து சந்தாகப் போய்ப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார். தாராபாய் காலத்தில் போர்டியில் நடந்ததும் இதேதான். அந்த நடையைக் கழித்துவிட்டால் அங்கன்வாடியில் மிச்சமிருப்பது வெறும் அறை.

அங்கன்வாடியின் வேலை ஆறு. ஊட்டச்சத்து உணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, நோயுள்ள குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், தாய்மாருக்குச் சுகாதார அறிவு, மூன்று முதல் ஆறு வயது வரை முன்பள்ளிக் கல்வி. ஆறு மாதக் குழந்தையிலிருந்து கணக்கு தொடங்குகிறது. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் அதே பதிவேட்டில் வருகிறார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சத்தான உணவு, வருடத்தில் 300 நாள் கொடுக்க வேண்டும் என்பது விதி. மூன்றுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துணவுப் பொட்டலம்.

சேவிகாவின் கையில் ஒரு சின்ன நாடா இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று நிறம். குழந்தையின் மேற்கையைச் சுற்றிப் பார்ப்பார். 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்து சிவப்பில் நின்றால் அந்தக் குழந்தை கடுமையான ஊட்டக்குறைவில் இருக்கிறது. அன்றே அவர் தாயைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். தாராவிக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் சயான் ஆஸ்பத்திரிதான். அங்கே பச்சிளங்குழந்தைகளைக் கவனித்த டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதே பல குழந்தைகளுக்குக் காலம் கடந்துவிடுகிறது என்பதைக் கண்டவர். 1999-இல் 'ஸ்நேஹா' என்ற அமைப்பை நிறுவி, மருத்துவத்தைச் சந்துகளுக்குள் கொண்டுபோனார். தாராவியின் அங்கன்வாடிகளோடு இணைந்து அந்த அமைப்பு ஊட்டக்குறைவுக்கு எதிராக வேலை செய்தது. அவரும் குழந்தை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. குழந்தை இருக்கும் இடத்துக்குப் போனார்.

மாநகராட்சிப் பால்வாடி

மும்பையில் பெற்றோரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. அங்கன்வாடியை நடத்துவது மாநில அரசின் பெண்கள், குழந்தைகள் நலத் துறை. முனிசிபல் ஸ்கூலை நடத்துவது மாநகராட்சி. தொடக்கக் கல்வி மாநகராட்சியின் கட்டாயக் கடமை. 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்த மாநகராட்சிக்கு மூன்று வயதுக் குழந்தை கட்டாயக் கடமை அல்ல. ஆகவே மாநகராட்சிப் பால்வாடிகள் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களின் கையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தன. மாநகராட்சி பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைத் தரும், ஆசிரியைக்கு மதிப்பூதியம் தரும். பிள்ளைகளைத் திரட்டுவதும் நடத்துவதும் தொண்டு நிறுவனம். ஒன்றாம் வகுப்புக்கு அந்தப் பிள்ளை அதே கட்டடத்தில் அடுத்த அறைக்குப் போய்விடலாம் என்பது இதன் பெரிய நன்மை.

இந்த முறைக்குப் பெரும் உந்துதல் தந்தது 'பிரதம்'. மாநகராட்சி, யுனிசெஃப், நகரத்தின் பிரமுகர்கள் ஆகியோரின் ஒத்துழைப்போடு 1990-களின் நடுவில் மாதவ் சவாணும் ஃபரீதா லாம்பேயும் தொடங்கியது. அவர்கள் கண்ட வழி மிக எளியது. கட்டடம் கட்டவில்லை. அந்தந்தச் சந்திலேயே வசிக்கும், ஓரளவு படித்த இளம்பெண்ணைத் தேடிப் பிடித்துச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். அவள் வீட்டு அறை, கோயில் திண்ணை, எங்கே இடம் சும்மா கிடைக்கிறதோ அங்கே இருபது பிள்ளைகளை வைத்து வகுப்பு நடந்தது. பெற்றோர் முடிந்ததைக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே மும்பையின் குடிசைப் பகுதிகளில் இப்படி ஆயிரக்கணக்கான பால்வாடிகள் முளைத்தன.

அதற்கும் முன்பே ஒரு கிளை உண்டு. 1969-இல் தில்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில், சிமெண்டுத் தூசியிலும் வெயிலிலும் கிடந்த சித்தாள் பெண்ணின் குழந்தையைப் பார்த்து மீரா மகாதேவன் தொடங்கியது 'மொபைல் கிரெஷ்'. 1972-இல் அது மும்பைக்கு வந்தது. கட்டடம் முடிந்ததும் தொழிலாளி அடுத்த இடத்துக்குப் போவான். குழந்தைக் காப்பகமும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கூடவே போகும். போர்டியில் முற்றம், தாராவியில் சந்து, கட்டட வேலையில் மணல்மேட்டின் ஓரம். இடம் மாறுகிறது, நடை ஒன்றுதான்.

சட்டம் விட்ட இடைவெளி

2002-இல் அரசியல் சட்டத்தின் 86-ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு முதல் பதினான்கு வயது வரை. ஆறுக்குக் கீழே இருந்த குழந்தையை, அரசு முயற்சி செய்ய வேண்டும் என்ற வழிகாட்டு நெறிக்குள் ஒதுக்கி வைத்தது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டமும் அதே கோட்டில் நின்றது. ஆறு வயது நிரம்பிய பிள்ளைக்குப் பள்ளி இல்லையென்றால் வழக்குப் போடலாம். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பால்வாடி இல்லையென்றால் மனுதான் கொடுக்கலாம். மூளையின் பெரும்பகுதி வளர்ச்சி அந்த ஆறு வயதுக்குள்தான் நடக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2020-இன் புதிய கல்விக் கொள்கையும் மூன்று வயதிலிருந்து கல்வியைக் கணக்கிடுகிறது. ஆனாலும் அந்த வயது இன்னும் உரிமையாகவில்லை.

குழந்தைக்கு நேர்ந்ததே குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும் நேர்ந்தது. 1975-இல் திட்டம் தொடங்கியபோது மெட்ரிக் படித்த சேவிகாவுக்கு மாதம் 150 ரூபாய், படிக்காதவருக்கு 100 ரூபாய். அதைச் சம்பளம் என்று சொல்லவில்லை, மதிப்பூதியம் என்றார்கள். அந்தச் சொல் இன்றுவரை மாறவில்லை. எடை பார்த்து, சோறு போட்டு, பாட்டுச் சொல்லி, தடுப்பூசிக்கு வீடு வீடாக அலைந்து, போனில் விவரம் ஏற்றி, ரிஜிஸ்டர் வேலையும் பார்க்கிறவர் இன்னும் தொண்டராகத்தான் எண்ணப்படுகிறார். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2023 டிசம்பர் 4 முதல் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள் ஐம்பது நாளுக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டதில் ஒன்று அந்தப் பணிக்கொடை. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு தொழில், அதற்குச் சம்பளம் உண்டு என்று ஒப்புக்கொள்ளாதவரை நல்ல பால்வாடி என்பது ஏதோ ஒரு நல்ல மனுஷியின் தயவாகவே இருக்கும்.

அந்த முதல் பத்து நிமிடம்

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம். ஒரு நகராட்சி இத்தனை மொழிக்கு இடம் கொடுப்பது அபூர்வம். தாராவியின் எத்தனையோ தமிழர்கள் அந்த முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்துத்தான் நிமிர்ந்தார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் இருக்கும் மூன்று ஆண்டுகளுக்குத் தமிழ் எங்கே? அங்கன்வாடியில் பெரும்பாலும் மராத்தியோ இந்தியோதான். வீட்டில் "வாடா கண்ணு, சாப்பிடு" என்று கேட்டு வளர்ந்த குழந்தை, முதல் நாள் அங்கே காதில் விழும் எந்தச் சொல்லும் புரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மராத்தி கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் வாழ்கிற பிள்ளைக்கு மராத்தியும் இந்தியும் தானே வரும். வர வேண்டும். நான் கேட்பது அந்த முதல் பத்து நிமிடத்தைப் பற்றி. வார்லிக் குழந்தைகள் பால்வாடிக்கு வராததன் காரணங்களில் மொழியும் ஒன்று என்று தாராபாயும் அனுதாயும் கண்டார்களே, அந்தப் பாடத்தைப் பற்றி. அழுகிற பிள்ளையை அதன் பேச்சில் தேற்ற ஓர் ஆள் வேண்டும். தமிழர்கள் நெருங்கி வாழும் சந்துகளில் சேவிகாவோ மதத்னீஸோ ஒருவராவது தமிழ் தெரிந்தவராக இருந்தால் போதும். தாராவியில் படித்த தமிழ்ப் பெண்களுக்குப் பஞ்சமா? காலியிடம் அறிவிக்கும்போது நம் பெண்கள் விண்ணப்பிக்கிறார்களா என்று நம் சங்கங்கள் பார்த்திருந்தால் இது எப்போதோ நடந்திருக்கும்.

பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பதிலும் நமக்குப் பங்கு உண்டு. யூனிஃபார்மும் டையும் கட்டி, மூன்று வயதில் ஆங்கில எழுத்தை எழுத வைக்கும் நர்சரிக்கு, வருமானத்தில் பெரும்பங்கைக் கொட்டுகிறோம். பிஞ்சு விரல் பென்சிலைப் பிடித்து நோகிறது. ஃப்ரோபெல் முதல் அனுதாய் வரை இந்தத் துறையில் உழைத்த எவரும் அதைக் கல்வி என்று சொல்லவில்லை. அந்த வயதுக்குக் கதையும் பாட்டும் மணலும் கிளிஞ்சலும் போதும் என்றே சொன்னார்கள். பக்கத்துச் சந்தின் பால்வாடி நன்றாக இல்லையென்றால் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம். அந்தப் பால்வாடியை நன்றாக்கு என்று நாலு பேர் சேர்ந்து கேட்பதில்லை.

கேட்க வேண்டிய நேரம் இதுதான். தாராவி இடிபட்டுப் புதிய கட்டடங்கள் எழப்போகின்றன. யாருக்கு எத்தனை சதுர அடி, எந்த மாடி, யார் தகுதி, யார் தகுதியில்லை என்று எல்லோரும் பேசுகிறோம். மும்பையின் குடிசை மறுவாழ்வு விதிகளிலேயே குடியிருப்பவர்களுக்கான பால்வாடிக்கு இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே எழுந்த எத்தனையோ கட்டடங்களில் அந்த அறை பூட்டிக் கிடப்பதையும், சொசைட்டியின் சாமான் அறையாகிவிட்டதையும் பார்க்கிறோம். சந்தில் குடியிருந்தவரை மதத்னீஸ் வந்து பிள்ளையைக் கூட்டிப்போனார். இருபதாவது மாடியில் கதவு சாத்தியிருக்கும் வீட்டுக்கு அவர் எப்படி வருவார்?

தாராவியில் குடியிருப்பவர்களிடமும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்ச் சங்கம் நடத்துகிறவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இது. உங்கள் கட்டடத்தின் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். பால்வாடி என்று எழுதிய அறை எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அது தரைத்தளத்தில் இருக்க வேண்டும், வெளிச்சம் வர வேண்டும், முன்னால் பிள்ளைகள் ஓடுவதற்கு நாலடியாவது திறந்த இடம் விட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அந்த நாலடிக்கு மராத்தியில் அங்கண் என்று பெயர், தமிழில் முற்றம்.